என் மகள்தான் ஆடினாள், கருப்பன் வரவில்லை

1

இதை எழுத உட்காருவதும் பேனாவை மூடிவைத்துவிட்டு எழுந்துபோவதுமாகப் பல மாசிகள் கழிந்துவிட்டன. எழுதினால் என் மனைவியைப் பொய்க்காரி என்று ஊர் சொல்லும். எழுதாவிட்டால் என் மகள் வாயிலிருந்து வந்த சொல் அவளுடையது இல்லை என்றாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து திண்டாடினேன். போன வாரம் ஊரிலிருந்து வந்த ஒரு நோட்டீஸ் என் திண்டாட்டத்தைத் தீர்த்துவைத்தது.

அதைக் கொண்டுவந்தவன் எனக்குத் தம்பி முறையாகும் பங்காளி முருகேசன். சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்தவன், எங்கள் அடுக்குவீட்டுப் படிகளில் மூச்சிரைக்க ஏறிவந்து, கருவாட்டுப் பொட்டலத்தோடு சேர்த்து அதையும் நீட்டினான். சிவப்பு மையில் அச்சடித்திருந்தார்கள். "கடல் கடந்து சிங்கப்பூர் சென்று வாக்குச் சொல்லி வந்த எங்கள் கருப்பசாமிக்கு மாசிக் களரி" என்று மேலேயே பெரிய எழுத்து.

"அண்ணே, ஒங்க வீட்டுல நடந்ததுதான்" என்றான் முருகேசன். "ஊரெல்லாம் இதே பேச்சு. இந்தக் களரிக்கு அங்கன தனியா ஒரு பீடமே எடுக்கிறாக. கடல் தாண்டின கருப்பன்னு பேரு."

அன்றைக்கு என் மகள் பஞ்சவர்ணமும் வீட்டில் இருந்தாள். நோட்டீசை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அய்யா, நான் சொன்னதைக் கருப்பன் எடுத்துக்கிட்டாரா?"

முருகேசன் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான். என் மனைவி ராக்கம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.  அவள் கேட்டதற்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர் ராமநாதபுரம் பக்கம், திருப்பாலைக்குடிக்கு மேற்கே இருக்கிறது. கடற்காற்று வந்துசேரும், கடல்மீன் வந்துசேர்வதற்குள் நாறிவிடும், அவ்வளவு தூரம். அங்கே ஐந்தாவது வரை படித்தேன். சுதந்திரம் வந்த கையோடு கப்பல் ஏறி இங்கே வந்தேன். துறைமுகத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் மேஸ்திரி வேலை. காலையில் திருநீறு பூசாமல் வாசல்படி தாண்டியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, பழக்கம் அப்படி.

எங்கள் குலசாமி கருப்பன். மாசிச் சிவராத்திரியை ஒட்டி அவருக்கு நடக்கிற கும்பிடுதான் களரி. அதில் ஆடுகிற உரிமை பெரிய வீட்டுக்காரர்களுக்கு. ஆடுகிறவர் இடுப்பில் துண்டைச் சுற்றி, பின்னால் நின்று இறுக்கிப் பிடிக்கிற உரிமை எங்கள் வீட்டுக்கு. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு வேலையாகவே தெரியாது. சாமி வந்த உடம்புக்குத் தான் எங்கே போகிறோம் என்பது தெரியாது. தீயிலும் போய் விழும், அரிவாளிலும் போய் விழும். பின்னால் ஒருவன் பிடித்திருக்கிறான் என்றால்தான் ஆட முடியும்.

கேள்வி கேட்பதும் பிடிக்கிறவன்தான். யாரு வந்திருக்கிறது, எதுக்கு வந்திருக்கே, என்ன வேணும் என்று வரிசையாகக் கேட்கவேண்டும். சாமி கேட்பதைக் கேட்டதும், "குடுத்துர்றோம், மலையேறு சாமி" என்று சொல்லவேண்டும். சாமி இறங்கிப் போய்விடும். அதற்குப் பிறகு அந்த வாக்கு வம்சத்தையே கட்டும். என் அய்யா அப்படி ஒரு வாக்குக்காக உழவுமாட்டில் ஒன்றைக் கோயிலுக்கு விட்டுவிட்டு, அந்த மழைக்கு இரவல் மாட்டில் உழுதார். அதைப் பற்றி ஒரு முணுமுணுப்பு அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

துண்டு பிடித்துப் பழகியவனுக்குப் பொய்யாட்டமும் தெரியும். சுழலும்போதே வேட்டி மடிப்பைச் சரிபார்க்கிறவன், சாராயம் வைத்திருக்கிற பக்கமாகவே சுற்றிச் சுற்றி வருகிறவன், கடன் கொடுத்தவன் எதிரே வந்தால் மட்டும் அருள் கூடிக் கண்ணை உருட்டுகிறவன், எல்லோரையும் பிடித்துப் பார்த்திருக்கிறேன். அந்த உடம்பின் கனத்திலேயே பொய் தெரிந்துவிடும்.

இன்னொன்று. கருப்பன் கடல் தாண்டமாட்டார் என்பது எங்கள் நம்பிக்கை. பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேசுவரத்துக்கே அவர் வரமாட்டார், அது வேறு சாமியின் எல்லை என்பார்கள். கப்பல் ஏறுகிறவன் அவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டு தனியாகத்தான் ஏறவேண்டும்.

3

பஞ்சவர்ணம் இங்கே இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே டீச்சரானாள். பிள்ளைகள் அவளை மிஸ் வர்ணா என்று கூப்பிட்டன. பஞ்சத்தைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வர்ணத்தோடு மட்டும் உள்ளே போய்விட்டாள் என்று நான் கேலி செய்வேன். சிரிப்பாள். பிறகு சிரிப்பதும் குறைந்தது. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் தலையை ஆட்டிப் பதில் சொல்கிற அளவுக்கு வந்தாள்.

ராக்கம்மாளின் அண்ணன் மகனுக்கு அவள் என்பது தொட்டிலிலேயே பேசியது. சித்திரையில் ஊருக்குப் போய்க் கல்யாணத்தை முடிப்பதாக ஏற்பாடு. கப்பலுக்குச் சீட்டும் எடுத்தாயிற்று. அப்போதுதான் அவளுடைய கழுத்து இடது தோளைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டது.

முதலில் சுளுக்கு என்றார்கள். ராக்கம்மாள் நல்லெண்ணெய் போட்டு நீவினாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் ஏதோ இலையை வதக்கிக் கட்டினார். கழுத்து அசையவில்லை. சோறு சாப்பிடும்போதும் சுவரைப் பார்த்தபடிதான்.

ஊருக்குப் போய்விட்டு இங்கே திரும்ப வேண்டுமானால் அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். அதற்குப் போட்டோ கொடுக்கவேண்டும். கோணின தலையோடு எடுத்த போட்டோவைக் கவுண்டரில் இருந்தவன் திருப்பித் தள்ளினான், முகம் நேராக இருக்கவேண்டுமாம். மறுபடி எடுத்தோம். இந்த முறை ராக்கம்மாள் பக்கத்தில் குனிந்து நின்று மகள் தாடையைப் பிடித்து நேராக்கிக்கொண்டாள். அவன் அந்தப் போட்டோவைத் தூக்கிப் பிடித்து, "இது யாருடைய விரல்?" என்று கேட்டான். "தாயாருடையது" என்றேன். "தாயாருக்குத் தனியாக விண்ணப்பம் போடுங்கள்" என்று ஜன்னலை மூடினான். சிரித்தபடியாவது மூடியிருக்கலாம்.

ஆஸ்பத்திரியில் சீன டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் குறையில்லை என்றார். மனதில் ஏதோ இறுக்கம், அது போய்த் தசையில் உட்கார்ந்திருக்கிறது என்றார். டென்ஷன், டென்ஷன் என்று வாய்க்கு வாய் சொன்னார்.

"என்னத்தா இறுக்கம் ஒனக்கு?" என்று வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அய்யா" என்று பஸ் வருகிற திசைக்கு எதிர்த்திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அந்த டாக்டர்தான் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியிடம் அனுப்பினார். சனிக்கிழமை மத்தியானம் ஒரு பள்ளிக்கூடக் கொட்டகையில் அவள் வகுப்பு நடத்துகிறாளாம். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. ஆடவேண்டுமாம்.

4

கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணை ஆட்டக் கொட்டகைக்குத் தனியாக அனுப்புவேனா. நானும் போனேன். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். தோளில் துண்டு, மடியில் திருநீற்றுப் பொட்டலம், வாயில் கந்தா என்ற பெயர். இந்த மூன்றும் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஒரு நிமிடம் இருந்திருக்கமாட்டேன்.

கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். ஒரு கிராமபோன் பெட்டி. அதில் தாளம் பிடிபடாத ஒரு சங்கீதம். பாங்கி வேலை பார்க்கும் ஒரு தடித்த மனிதர், கழுத்தறுத்துப் போட்ட கோழி மாதிரி கால்களை உதறினார். கண்ணாடி போட்ட ஒரு நர்ஸ் தரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டாள். எங்கள் ஊரில் வயிற்றுவலி வந்த மாடு அப்படிப் புரளும், வைத்தியம் பார்ப்போம். இன்னொருவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு முதுகை மட்டும் ஆட்டினார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். திறந்திருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

துரைசானி இங்கிலீஷில் சொல்வதை எனக்குப் பஞ்சவர்ணம்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது.

"ஒடம்பு என்ன செய்யணும்னு நெனைக்குதோ, அதைச் செய்ய விடணுமாம் அய்யா."

"ஒடம்பு நெனைக்குமா? பெறகு மண்டை எதுக்கு இருக்கு?"

"யாரும் சொல்லிக்குடுக்க மாட்டாகளாம். நாமளா ஆடணுமாம்."

"சொல்லிக்குடுக்காததுக்கு ஒரு வாத்தியாரு. நல்ல பொழைப்பு."

துரைசானி என்னைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டாள். நானும் ஆட வருகிறேனா என்று கேட்கிறாளாம். கிட்டங்கியில் எனக்குத் தினம் ஆட்டம்தான் என்று சொல்லச் சொன்னேன். மகள் அதைச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன், துரைசானி மறுபடியும் சிரித்தாள்.

துக்கமும் பயமும் கோபமும் தோளிலும் கழுத்திலும் முதுகிலும் போய்த் தங்கிவிடும், ஆடவிட்டால் இறங்கும் என்பது அவளுடைய சாத்திரம். தண்ணீராக இரு என்றாள். காற்றாக இரு என்றாள். வெயிலாக இரு என்று சொல்லவில்லை, ராமநாதபுரம் பக்கம் வந்திராதவள். முக்கியமான சட்டம் ஒன்று வைத்திருந்தாள்: ஆடுகிற ஒருவரை மற்றவர் தொடக்கூடாது. அழுதாலும் விழுந்தாலும் தொடக்கூடாது, அது தானாக அடங்கும். இதைக் கேட்டதும் அவள்மீது எனக்கிருந்த கொஞ்ச மரியாதையும் போய்விட்டது. ஆட விட்டுவிட்டுப் பிடிக்க ஆள் வைக்காதவள் என்ன வாத்திச்சி.

பஞ்சவர்ணம் மூலையில் நின்றாள். கோணின கழுத்தோடு, ஒரு கையின் விரல்களை மட்டும் மடக்கி நீட்டிக்கொண்டிருப்பாள். வாரம் வாரம் அதுதான். வீட்டுக்கு வந்து ராக்கம்மாளிடம் சொல்வேன்: "ஒன் மக வெரல் நல்லாயிருச்சு. கழுத்துதான் பாக்கி."

கப்பல் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நேரான போட்டோ எடுத்தபாடில்லை.

5

அன்றைக்குத் தகரக் கூரையில் நல்ல மழை. கிராமபோன் பெட்டியின் சத்தம் கேட்கவில்லை. துரைசானி அதை நிறுத்திவிட்டு, மழைக்கே ஆடச் சொன்னாள். கரும்பு தின்னக் கூலியா என்பதுபோல பாங்கிக்காரர் உடனே உதற ஆரம்பித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பிப் பார்த்தபோது பஞ்சவர்ணத்தின் விரல்களில் இருந்த அசைவு முழங்கைக்கு ஏறியிருந்தது. பிறகு தோளுக்கு. எதையோ தள்ளுவதுபோல இரண்டு உள்ளங்கையையும் முன்னால் நீட்டி நீட்டித் தள்ளினாள். கால் தரையில் அழுந்தி விழுந்தது. கொண்டை அவிழ்ந்தது. மாதக்கணக்காகத் தோளைப் பார்த்திருந்த கழுத்து, மெல்ல நிமிர்ந்து, ஒரு சுற்றுச் சுற்றியது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை நான் களரியில் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. கடல் தாண்டாத சாமி தாண்டிவிட்டது என்று நினைத்தேன். என் பிள்ளைக்காக எல்லையை விட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வேறு என்ன நினைக்க எனக்குத் தெரியும்.

நாற்காலி பின்னால் விழ எழுந்து ஓடினேன். தோள்துண்டை உருவி அவள் இடுப்பில் சுற்றிப் பின்னால் நின்று இறுக்கிப் பிடித்தேன். துரைசானி கையை உயர்த்திக்கொண்டு ஓடிவந்தாள். "தள்ளிப் போ" என்று தமிழில் சொன்னேன். அவளுக்கு அது புரிந்தது. திருநீற்றை எடுத்து மகள் நெற்றியில் அப்பினேன்.

உடம்பில் கனம் இருந்தது. பொய்க் கனம் இல்லை.

"யாரு வந்திருக்கிறது?" என்று கேட்டேன்.

வாயிலிருந்து வந்தது மூச்சுத்தான்.

"யாரு வந்திருக்கிறது, சொல்லணும்."

"யாரும் வரல அய்யா" என்றாள். "நான்தான்."

துண்டு பிடிக்கிறவன் வாய் நிற்காது. ஒரு கேள்விக்குப் பின்னால் அடுத்த கேள்வி, பழகின மாடு வீட்டுக்குத் திரும்புவதுபோலத் தானே வரும்.

"எதுக்கு வந்திருக்கே? என்ன வேணும்?"

"நான் கப்பல் ஏறமாட்டேன் அய்யா. எனக்கு மாமா மகன் வேணாம். நானா வேணாங்கறேன். அடிச்சாலும் வேணாம்."

அடுத்த வார்த்தையும் தானே வந்தது.

"குடுத்துர்றோம். மலையேறு."

அவள் அப்படியே என்மேல் சாய்ந்தாள். அழுதாள். சாமி இறங்கிய உடம்பு கட்டைபோலச் சாயும். இவள் சாய்ந்தது அப்படி இல்லை. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது காய்ச்சலில் என் தோளில் கிடப்பாளே, அந்தச் சாய்வு. அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் வாக்குக் கொடுத்திருப்பது யாருக்கு என்று.

துரைசானி ஒரு குவளைத் தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றாள். பாங்கிக்காரர் கண்ணைத் திறந்து, ஆட்டத்தை நிறுத்தி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

6

பஸ்ஸில் வரும்போது அவள் தலையை நேராக வைத்து, முன்னால் போகிற ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான்தான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தேன்.

வீட்டில் ராக்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லிவிட்டு, "இது வாக்குல சேராது" என்றேன். "உடுக்கு இல்ல, சாம்பிராணி இல்ல, சாமியே இல்ல. கோட்டிக்காரக் கொட்டாயில வாய் தவறி வந்தது."

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"துண்டு பிடிச்சீகளா?"

"பிடிச்சேன்."

"திருநூறு போட்டு, வாயெடுத்துக் கேட்டீகளா?"

"கேட்டேன்."

"அவளும் கேட்டதுக்குச் சொன்னாள்ல?"

"சொன்னா."

"பெறகென்ன. சாமி வந்தா ஒரு வாக்கு, மக வந்தா ஒரு வாக்காங்க?"

கல்யாணம் அவளுடைய அண்ணன் மகனோடு என்பதை மறக்கவேண்டாம். அதைத் தன் கையாலே வெட்டிப் போட்டுவிட்டு, கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் கப்பல் சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆனால் அண்ணனுக்கு என்ன சொல்வது. பெண் தன் வாயால் வேண்டாம் என்றாள் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் அது வெட்டுக்குத்தில் முடியும். ஊருக்குப் போகிற ஓர் ஆளிடம் ராக்கம்மாள் இப்படிச் சொல்லியனுப்பினாள்: "பிள்ளை மேல கருப்பன் வந்து, இந்தச் சம்பந்தம் ஆகாதுன்னு தடுத்துட்டாரு. நாங்க என்ன செய்ய." பெண் சொன்னால் அறுக்க வருகிற மச்சான், சாமி சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அடுத்த வைகாசியிலேயே மகனுக்கு வேறு இடத்தில் முடித்துவிட்டார். ஒரு பெண்ணின் பேச்சுக்கு எங்கள் ஊர் கொடுக்கிற மதிப்பு அவ்வளவுதான். அதே பேச்சைச் சாமி பேசினார் என்றால் பீடம் கட்டுவார்கள்.

பயணம் நின்றுபோனாலும், போட்ட விண்ணப்பம் பாதியில் கிடக்கவேண்டாம் என்று, கழுத்து நிமிர்ந்த கையோடு நேராக எடுத்த போட்டோவைக் கவுண்டரில் கொடுத்து வைத்திருந்தோம். கப்பல் போனபிறகு அனுமதிச் சீட்டு முத்திரையோடு வந்துசேர்ந்தது. அரசாங்கக் காரியம் அப்படித்தான். அந்தப் படத்தில் யாருடைய விரலும் இல்லை.

பஞ்சவர்ணத்துக்குப் பிறகு அவள் சம்மதித்த இடத்தில் கல்யாணமானது. மேடையேறி ஆடுகிறாள், கெட்டுப்போனாள் என்று ஊரில் ஒரு கூட்டம் சொல்கிறதாம். அவள் எந்த மேடையும் ஏறவில்லை. பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, காற்றாக இரு, தண்ணீராக இரு என்கிறாள், அவ்வளவுதான். போய்ப் பார்த்தேன். அந்தக் கொட்டகைக் கூத்தைப் பற்றி என் எண்ணம் இன்றைக்கும் மாறவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உருளுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் சிரிப்புத்தான் வரும். ஒன்று மட்டும் பார்த்தேன். அவள் பிள்ளைகளை ஆடவிடும்போது, ஒவ்வொன்றின் பின்னாலும் இன்னொரு பிள்ளையை நிறுத்திப் பிடிக்கச் சொல்கிறாள். அது அந்தத் துரைசானி சொல்லிக்கொடுத்தது இல்லை.

7

முருகேசன் போனபிறகு, நோட்டீசை மடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். ராக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"எழுதிப் போடுங்க. பொய் சொன்னது ராக்கம்மான்னு பேரோட போடுங்க. எங்கண்ணன் வாயை மூடத்தான் சொன்னேன். பீடம் கட்டவா சொன்னேன்."

பெயரைப் போட்டுவிட்டேன்.

களரிக் கமிட்டிக்காரர்களே, பங்காளிகளே. நான் கருப்பனைத் தினம் கும்பிடுகிறவன். அதனாலேயே சொல்கிறேன். அன்றைக்கு அவர் வரவில்லை. அவர் தன் எல்லையில்தான் இருந்தார். அவருக்குக் கிடாய் வெட்டுங்கள், மணி கட்டுங்கள், இருக்கிற பீடத்துக்கு வெள்ளையடியுங்கள், என் பங்கும் வரும். புதுப் பீடம் எடுக்காதீர்கள். எடுத்தால் அதில் அவர் வந்து உட்காரமாட்டார்.

இதைப் படிக்கிறவர்கள் படிக்காதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். சாமி வந்தது என்று கூட்டவேண்டாம், பெண் கெட்டது என்றும் கூட்டவேண்டாம். அவள் ஆடினாள், நான் பிடித்தேன், கேட்டேன், சொன்னாள், கொடுத்தேன். இதே வரிசையில், இதே சொற்களில் சொல்லுங்கள்.

பஞ்சவர்ணம், நீ கேட்டதற்கு அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அவர் எடுக்கவில்லை ஆத்தா. பிறத்தியார் வாக்கைத் தன் வாக்கு என்று வாங்கிக்கொள்கிற சாமி இல்லை அவர். எடுத்தது நம் ஆட்கள். திருப்பி வாங்கி உன்னிடமே கொடுத்துவிட்டேன்.